"ஒண்ணுமே நடக்கலைங்க": ஏழு மாதக் குறுஞ்செய்திகளும் ஒரு பழைய கடனும்

"ஒண்ணுமே நடக்கலைங்க." முதல் அமர்வில் கணவர் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐந்தாறு தடவை அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நடந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதோ என்னமோ."

நான் தம்பதியருக்கு ஆலோசனை சொல்பவள். இங்கே எழுதுவது ஒரே தம்பதியின் கதைபோலத் தெரியும். உண்மையில் பல ஆண்டுகளில் என் அறைக்கு வந்த பலரிடம் கண்டதையும் கேட்டதையும் கலந்து, அடையாளங்களை மாற்றி, ஒன்றாக்கியது. அப்படி எழுதுவதுதான் என்னை நம்பி வந்தவர்களுக்கு நான் தரும் மரியாதை. துரோகம் என்றால் உடல் சம்பந்தப்பட்டது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, தன் வலிக்குப் பெயர்கூடத் தெரியாமல் தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வந்தது எப்படி

திருமணமாகிப் பதினொரு வருடம். அவருக்கு 41 வயது, மனைவிக்கு 38. ஒரு குழந்தை. பெரிய சண்டைகள் இல்லாத வீடு. ஒருநாள் கணவரின் போனில் "கணக்குப் பிரிவு" என்ற பெயரிலிருந்து இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது: "தூங்கினீங்களா? மனசு இப்ப எப்படி இருக்கு?" கணக்குப் பிரிவு யாருக்கும் இப்படி எழுதாது. மனைவி திறந்து பார்த்தார். முன்பு அவரோடு வேலை பார்த்த ஒரு பெண். ஏழு மாத உரையாடல்.

அதில் ஆபாசமாக ஒரு சொல்கூட இல்லை. காதலிப்பதாக இருவரும் ஒருமுறைகூட எழுதவில்லை. இருந்ததெல்லாம் வேறு. கணவருடைய அப்பாவின் நோய் பற்றிய பயம், வேலை போய்விடுமோ என்ற கவலை, சின்ன வயது அவமானம் ஒன்று. மனைவிக்கு எது உறைத்தது என்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "மாமாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு இவரு முடிவு பண்ணினது எனக்கு மறுநாள்தான் தெரியும். அவங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிருக்கு. அவங்ககிட்ட அழுதிருக்காரு. பதினொரு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை அழுததில்ல."

கணவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அகராதியில் துரோகம் என்றால் படுக்கை. அதைத் தாண்டாதவரை தான் நல்ல கணவன்தான் என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் ஏழு மாதமும் அவரைத் தூங்க வைத்திருக்கிறது.

எதை எந்தப் பெயரால் அழைப்பது

தமிழில் இதற்குப் பேச்சு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் புழங்கும் சொல் "கள்ளத்தொடர்பு". கேட்கவே கூசும் சொல்தான். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும். அதில் உடலைப் பற்றி எதுவும் இல்லை. கள்ளம் என்றால் மறைப்பு, வஞ்சகம். ஒளித்து வைத்த தொடர்பு என்பதுதான் அதன் பொருள். கணவரிடம் இதைச் சொன்னபோது முதல்முறையாக மறுக்காமல் அமைதியாக இருந்தார்.

அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். நட்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறுகிறது என்பதற்கு அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார். துணையிடம்கூட இல்லாத மன நெருக்கம், ரகசியம், அடிநாதமாக ஓடும் பாலியல் ஈர்ப்பு. சுவர், ஜன்னல் என்ற அவருடைய உருவகத்தை என் அறையில் அடிக்கடி பயன்படுத்துவேன். கணவன் மனைவிக்கு நடுவில் ஜன்னல் இருக்க வேண்டும், வெளியாளுக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும். இது இடம் மாறும்போதுதான் வீடு ஆட்டம் காண்கிறது. இந்த வீட்டில் அப்பாவின் நோய் என்ற ஜன்னல் வெளியே இருந்த ஒருவருக்குத் திறந்திருந்தது. மனைவிக்கு அதே இடத்தில் சுவர்.

மனத்தால் நடக்கும் துரோகம் என்று இதைச் சொல்லலாம். உடலால் மட்டும் நடப்பது வேறு. ஒருநாள் இரவோடு முடிந்து, பெயர்கூட நினைவில்லாமல் போவதும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் ஓடும் இரட்டை வாழ்க்கை இன்னொன்று. நான் பார்த்தவரை அதிலிருந்து மீள்வதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அங்கே பொய்யாகிப்போவது ஒரு சம்பவம் அல்ல, கடந்த காலம் முழுவதும். பழைய காதலை அணையவிடாமல் வருடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. துணை செய்த துரோகத்துக்குப் பழிவாங்கச் செய்பவர்களும் உண்டு. கடைசி வகையினர் என்னிடம் வரும்போது கோபத்தைவிட அதிகமாக வெறுமையோடு வருகிறார்கள்.

இணையம் இதில் என்ன மாற்றியது? 1998-இல் ஆல் கூப்பர் என்ற உளவியலாளர் இணையப் பாலியல் நடத்தைக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: எளிதில் கிடைக்கிறது, செலவில்லை, முகம் தெரிய வேண்டியதில்லை. 2004-இல் ஜான் சூலர், திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மனிதர்களின் கூச்சம் கழன்றுவிடுவதைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தக் கணவர் நேருக்கு நேர் யாரிடமும் அழுதிருக்க மாட்டார். இரவில் தட்டச்சு செய்யும்போது அழ முடிந்தது. அப்புறம், அந்தப் பக்கம் இருந்தவர் அவரைக் காய்கறி வாங்கிவரச் சொன்னதில்லை, கரண்ட் பில் பற்றிக் கேட்டதில்லை. அன்றாடத்தின் சலிப்பு கலக்காத கேட்பவர். எந்த மனைவியாலும் எந்தக் கணவனாலும் அப்படிப்பட்ட ஒருவரோடு போட்டி போட முடியாது.

ஆண்களுக்கு உடல் துரோகம் அதிகம் வலிக்கும், பெண்களுக்கு மனத் துரோகம் அதிகம் வலிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேர் 1992-இல் டேவிட் பஸ்ஸும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. இரண்டில் எது அதிகம் வருத்தும் என்று கேட்டபோது ஆண்களில் 60 சதவீதம் பேர் உடல் துரோகத்தைச் சொன்னார்கள். பெண்களில் 83 சதவீதம் பேர் மனத் துரோகத்தைச் சொன்னார்கள். ஆனால் அது கல்லூரி மாணவர்களிடம், கற்பனைச் சூழலை வைத்து, இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தோடு கேட்டது. கேள்வியின் வடிவத்தை மாற்றிக் கேட்டால் இந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது என்று டேவிட் டெஸ்டெனோ போன்றவர்கள் பின்னர் காட்டினார்கள். என் அனுபவமும் அதுதான். இந்தக் கணவரிடம் நான் கேட்டேன்: "உங்க மனைவி ஏழு மாசம் ஒரு ஆண்கிட்ட இப்படிப் பேசியிருந்தா, அவர் பேரை மாத்தி வெச்சிருந்தா?" பதில் வரவில்லை. முகம் சிவந்தது. அவருக்கும் வலித்திருக்கும், அதே அளவு.

ஏழு மாதம் ஒரு தாளில்

மூன்றாம் அமர்வில் கணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து அந்த ஏழு மாதத்தையும் வரிசையாக எழுதச் சொன்னேன். என்ன பேசினார் என்பது எனக்குத் தேவையில்லை. எப்போது எதை மறைக்கத் தொடங்கினார் என்பதுதான் தேவை.

முதல் இரண்டு மாதம் மறைக்க எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் உண்மையான பெயரே போனில் இருந்தது. வீட்டில் ஓரிரு முறை அவரைப் பற்றிப் பேசியும் இருக்கிறார். மூன்றாம் மாதம் ஒருநாள் மனைவி "யாரு?" என்று சாதாரணமாகக் கேட்டபோது "ஆபீஸ்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்கு அடுத்த வாரம் பெயரை மாற்றினார். ஐந்தாம் மாதம் செய்திகளை அழிக்கத் தொடங்கினார், சிலவற்றை மட்டும்.

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "பேரை மாத்தின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கு."

இந்த இடத்தை நான் அவசரமாகக் கடக்கவில்லை. துரோகம் செய்யலாம் என்று முடிவெடுத்துத் தொடங்குபவர்கள் குறைவு. முடிவுகள் எல்லாம் சின்னச் சின்ன மறைப்புகளாகவே வருகின்றன. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் வீட்டு அமைதியைக் காக்கும் நல்ல காரியம்போலத் தோன்றும். "அவ தப்பா நினைச்சுக்குவா, அதான் சொல்லல" என்ற வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். தப்பாக நினைப்பார் என்று தெரிந்ததால் மறைத்தீர்கள் என்றால், அவருடைய கோடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்?

ஏன் செய்தார் என்ற கேள்வி அடுத்து வந்தது. டிலன் செல்டர்மனும் குழுவினரும் 2019-இல், துணைக்குத் துரோகம் செய்ததாகத் தாங்களே சொன்ன 495 பேரிடம் காரணங்களைக் கேட்டு எட்டு வகையாகப் பிரித்தார்கள். கோபம், காதல் குறைந்தது, புறக்கணிப்பு, ஈடுபாடு குறைந்தது, தன்மதிப்பு, பாலியல் ஆசை, புதுமை நாட்டம், சூழ்நிலை. அந்தப் பட்டியலைக் கணவரிடம் காட்டியபோது "தன்மதிப்பு" என்பதில் விரல் வைத்தார். வேலையில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முந்திப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் தான் தளர்ந்து தெரியக் கூடாது என்று நினைத்தார். வெளியே ஒருவர் முன் தளர முடிந்தது. மனைவியின் மீது அன்பு குறைந்ததால் நடந்ததல்ல இது. அன்பு குறையாமலேயே துரோகம் நடக்கும் என்பதை ஏற்பது பலருக்கும் கஷ்டம், ஆனால் நடக்கிறது.

மனைவி அப்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப என் தப்புன்னு சொல்றீங்களா, நான் கேட்கலைன்னு?" இல்லை என்று உடனே சொன்னேன். வீட்டில் பேச்சு குறைந்ததற்கு இருவரும் பொறுப்பாக இருக்கலாம். பெயரை மாற்றியதற்கு ஒருவர் மட்டுமே பொறுப்பு.

தவணை முறையில் வந்த உண்மை

முதல் அமர்வில் "இந்த ஏழு மாசத்துல நேர்ல பார்த்ததே இல்ல" என்றார். இரண்டாம் அமர்வில் "ஒரு தடவை, கூட்டத்துல." மூன்றாம் அமர்வுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு இரவு, மனைவி தோண்டிக் கேட்டபோது, இரண்டு முறை தனியாகச் சந்தித்ததை ஒப்புக்கொண்டார். அரை மணி நேரம், பொது இடத்தில். உடல் ரீதியாக எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த இரவோடு நாங்கள் மூன்று அமர்வில் கட்டியது எல்லாம் சரிந்தது.

துணையைக் காயப்படுத்தக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: செய்யாதீர்கள். ஒவ்வொரு புதுத் தவணையும் பழைய காயத்தை முதல் நாளுக்குக் கொண்டுபோகிறது. மனைவிக்கு அந்த நாட்களில் தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை, போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடத்தது, பழைய புகைப்படங்களைத் தேதி வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு "இந்த நாள்ல இவரு யார்கிட்ட பேசிட்டு இருந்தாரு" என்று தேடினார். தான் பைத்தியமாகிவிட்டோமோ என்று பயந்தார். அப்படி இல்லை. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மனித மனம் இயங்கும் விதம் அது. கிறிஸ்டினா கூப் கார்டன், டோனால்ட் பாக்கம், டக்ளஸ் ஸ்னைடர் மூவரும் துரோகத்தை ஓர் உறவு அதிர்ச்சியாகவே பார்த்துச் சிகிச்சை முறை ஒன்றை வகுத்தார்கள். முதலில் அதிர்ச்சியின் தாக்கத்தைத் தாங்குவது, பிறகு ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது, அதன் பிறகே சேர்வதா பிரிவதா என்று முன்னோக்கி நகர்வது. வரிசை முக்கியம். முதல் கட்டத்தில் இருப்பவரிடம் "மன்னிச்சிடு, மறந்துடு" என்று சொந்தக்காரர்கள் சொல்வது காய்ச்சலில் படுத்திருப்பவரை ஓடச் சொல்வதற்குச் சமம்.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு. யார், எவ்வளவு காலம், எங்கே, முடிந்துவிட்டதா, வேறு யாருக்குத் தெரியும்: இவற்றுக்கு முழுப் பதில் வேண்டும், ஒரே தடவையில். உடல் உறவு இருந்திருந்தால் துணையின் உடல்நலம் பற்றிய உண்மையும் பரிசோதனையும் அன்றைக்கே. ஆனால் காட்சி விவரங்களைக் கேட்டு வாங்கினால், அவை மனதில் படமாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் போகாது. மனைவியிடம் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி ஒரு நாள் வைத்திருக்கச் சொன்னேன். மறுநாளும் கேட்கத் தோன்றினால் கேட்கலாம். நாற்பதுக்கும் மேல் எழுதினார். கேட்டது பதினேழு.

ஐந்தாம் அமர்வு: என் தவறு

வீட்டுப் பணத்தைப் பற்றி வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது மனைவி திடீரென்று அழத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்கு முன் தன் தம்பிக்காக, கணவருக்குத் தெரியாமல் ஒரு பெரிய கடன் வாங்கியிருக்கிறார். மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டு, சம்பளம் உயரவே இல்லை என்று சொல்லி வந்திருக்கிறார். கணவருக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் சொல்லப் பயம்.

பணத் துரோகம் என்று இதற்குப் பெயர் உண்டு. எமிலி கார்பின்ஸ்கியும் குழுவினரும் 2020-இல் இதை ஆராய்ந்தபோது கொடுத்த வரையறை கச்சிதமானது: துணைக்குப் பிடிக்காது என்று தெரிந்தே பண விஷயத்தில் ஒன்றைச் செய்வது, அதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவது. இரண்டும் சேர வேண்டும். துணைக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்கி ஒளித்து வைப்பது இதில் வராது.

எனக்கு அந்த வரையறை மனதில் மின்னியது. அதே வடிவம், வேறு பொருள். உற்சாகத்தில் அதை அங்கேயே சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருமே ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு சுவர் கட்டியிருக்கீங்க." சொன்ன நொடியில் கணவரின் தோள்கள் நிமிர்வதைப் பார்த்தேன். "பார்த்தியா, நீயும்தான்" என்றார். அமர்வு முடியும்வரை மனைவி பேசவில்லை.

அது என் தவறு. நான் சொன்னது பொய்யல்ல, ஆனால் சொன்ன நேரம் தவறு. காயம் ஆறாத ஒருவர் தைரியமாக வெளியே எடுத்து வைத்த உண்மையை, எதிரில் இருப்பவர் தன் கணக்கை நேர்செய்யும் எடைக்கல்லாக எடுத்துக்கொள்ள நான் வழிவிட்டேன். துரோகங்களைத் தராசில் வைத்தால் இருவரும் குற்றத்தை எடைபோடுவதிலேயே நின்றுவிடுவார்கள், யாருடைய காயத்துக்கும் யாரும் மருந்து போட மாட்டார்கள். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். கடனைத் தனியாக, அதற்கென ஒரு நாள் வைத்துப் பேசுவோம் என்றேன். அந்த நாள் வந்தபோது அவருடைய மறைப்புக்கும் முழுப் பொறுப்பை அவர் ஏற்றார். கணவருக்கு அதில் உண்மையான வலி இருந்தது. தான் நம்பத்தகாதவன் என்று மனைவி முடிவுகட்டிவிட்டாள் என்ற வலி. அதற்கும் இடம் கிடைத்தது.

ஒன்று மட்டும் கவனித்தேன். மனைவி தானாகச் சொன்னார். கணவர் பிடிபட்டார். இந்த வேறுபாடு சின்னது அல்ல. ரெபெக்கா மரின், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், டேவிட் அட்கின்ஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 134 தம்பதியரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். துரோகம் இல்லாதவர்களில் 23 சதவீதம் பேர் விவாகரத்து செய்திருந்தார்கள். துரோகம் வெளியே சொல்லப்பட்டவர்களில் 43 சதவீதம். கடைசிவரை மறைக்கப்பட்டவர்களில் 80 சதவீதம். துரோகம் நடந்தது அதில் 19 ஜோடிகளில்தான் என்பதால் இந்த எண்களை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாது. ஆனால் அது சுட்டும் திசை என் அறையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. வெளியே வந்தும் பிழைத்த உறவுகள் பாதிக்கு மேல்.

எல்லைக்கோடு

"இனி இப்படி நடக்காது" என்ற வாக்குறுதியை நான் எழுதி வாங்குவதில்லை. எது "இப்படி" என்பதுதான் முதலில் தெளிவாக வேண்டும். பதினொரு வருடத்தில் இவர்கள் ஒருமுறைகூட இதைப் பேசியதில்லை. பேசாமலேயே இருவர் மனதிலும் ஒரே கோடு இருக்கும் என்று நம்பினார்கள். பிறரோடும் உறவு கொள்ளலாம் என்று பரஸ்பரம் ஒப்புக்கொண்டு திறந்த உறவில் வாழும் தம்பதியரிடமும் துரோகம் நடக்கிறது. அங்கேயும் ஒப்புக்கொண்டதை மீறுவதுதான் துரோகம்.

முன்னாள் காதலரின் படங்களைத் தேடிப் பார்ப்பது? சக ஊழியரிடம் வீட்டுச் சண்டையைச் சொல்வது? ஆபாசப் படம்? கற்பனைக் கதாபாத்திரமாகப் பேசும் கணினிச் செயலியோடு இரவு முழுக்க உரையாடுவது? இவற்றுக்குப் பொதுவான விடை என்னிடம் இல்லை. தனித்தனியாக எழுதச் சொல்லி, பிறகு ஒப்பிட்டோம். மனைவிக்குக் கணவர் பெண்களோடு நட்பாக இருப்பதில் பிரச்சினை இல்லை, அது கணவருக்கு ஆச்சரியம். "என்கிட்ட சொல்லாத ஒரு பெரிய விஷயத்தை வேற யார்கிட்டயும் முதல்ல சொல்லக் கூடாது. ஆம்பளையா இருந்தாலும்" என்று எழுதியிருந்தார். கணவர் எழுதியது: "வீட்டைப் பாதிக்கிற பணம் தெரியணும்."

போனைப் பார்ப்பது பற்றி மட்டும் ஒத்துவரவில்லை. மனைவிக்கு எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் உரிமை வேண்டும். ஆறு மாதம் என்று காலம் வைக்கச் சொன்னேன். காயப்பட்டவர் நிம்மதிக்காகக் கேட்கும் வெளிப்படைத்தன்மை நியாயமானது. ஆனால் சந்தேகத்தின் பெயரால் துணையை நாள் முழுக்கக் கண்காணிப்பது, நண்பர்களை வெட்டச் சொல்வது, கை ஓங்குவது எல்லாம் வேறு வகை. அங்கே பேச வேண்டியது துரோகத்தை அல்ல, பாதுகாப்பை.

ஒருமுறை செய்தவர் மறுபடி செய்வாரா என்று மனைவி கேட்டார். கேய்லா நாப் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உறவில் துணையைத் தாண்டிப் பாலுறவு கொண்டவர்கள் அடுத்த உறவிலும் அதைச் செய்வதற்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு இருந்ததாகத் தெரிந்தது. மறைக்காமல் சொன்னேன். அதோடு, அந்த ஆய்விலும் முன்பு செய்தவர்கள் எல்லோரும் மறுபடி செய்யவில்லை என்பதையும் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து

அந்தப் பெண்ணோடு தொடர்பு முடிந்தது. கடைசிச் செய்தியைக் கணவர் மனைவிக்குக் காட்டிவிட்டு அனுப்பினார். அதில் அந்தப் பெண் மீது பழி எதுவும் இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று மனைவிதான் கேட்டார். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி, இருவரும் சேர்ந்து கட்டுகிறார்கள். தம்பியோடு கணவர் இன்னும் பேசவில்லை.

போன் விஷயத்தில் ஆறு மாதம் முடிந்தும் மனைவி பார்ப்பதை முழுதாக நிறுத்தவில்லை. முன்பு தினமும், இப்போது எப்போதாவது. மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே "இன்னும் இல்ல" என்றார்.

கடைசி அமர்வில் கிளம்பும்போது கணவர் கதவருகே நின்றார். போன வாரம் வேலையிடத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் வரப்போவதாக இரவு ஒரு மணிக்குச் செய்தி வந்ததாம். யாருக்காவது எழுதலாம் என்று போனைக் கையில் எடுத்தாராம்.

"என்னை எழுப்பிட்டாரு" என்றார் மனைவி. "எனக்குக் காலையில சீக்கிரம் போகணும். கோபமா வந்துச்சு. ஆனா எழுந்து உட்கார்ந்துட்டேன்."

எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"பேசவே இல்ல. அவரு அழுதாரு."